பழைய மோட்டார் வண்டிகளும் இன்ஜின் மாற்றமும்

சென்னைக்கு வடக்கே, ஜி.என்.டி. ரோடு என்று பெரியவர்கள் இன்றும் வழங்குகிற கல்கத்தாப் பெருவழியில், செங்குன்றத்தைக் கடந்து கும்மிடிப்பூண்டியை நோக்கிச் செல்லும் பிரயாணிகளில் மிகச் சிலரே, இரண்டாம் உலக யுத்த காலத்தில் விமானங்களுக்காகச் சோழவரத்தில் ஓர் ஓடுதளம் போடப்பட்டதையும், யுத்தம் ஓய்ந்தபின் 1950-களிலிருந்து 1980-களின் இறுதி வரையில் தென்னிந்திய மோட்டார் பந்தயங்களுக்கு அதுவே களமாக விளங்கியதையும் அறிந்திருப்பார்கள். அதே ஜில்லாவில், திருவள்ளூரை அடுத்து, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஸ்தாபனம் முதலில் மண் வாரும் கனரக யந்திரங்களையும், 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் காரையும் உற்பத்தி செய்த தொழிற்சாலை இருக்கிறது. வடகோடியில், கும்மிடிப்பூண்டி சிப்காட் பிரதேசத்தில், பழைய இரும்பை உருக்கும் உலைகளும் கம்பி உருட்டும் ரோலிங் மில்களும் இரவு பகலாக இயங்குகின்றன. கார் பிறந்த இடமும், அதற்கு வேகம் ஊட்டிப் பரீட்சித்த இடமும், ஆயுள் முடிந்த காரின் இரும்பு மீண்டும் இரும்பாகிற இடமும் ஒரே ஜில்லாவில் அமைந்திருப்பது, நாம் இங்கே எடுத்துக்கொண்ட விஷயத்தை ஆராய்வதற்கு மிகவும் பொருத்தமாக இருக்கிறது.

விஷயம் இதுதான்: பழமையான காரை வைத்திருக்கும் ஒருவர், அதனோடு பிறந்த இன்ஜினை இறக்கிவிட்டு, அதைவிடச் சக்தி வாய்ந்த வேறோர் இன்ஜினை ஏற்றிக்கொள்வதற்குச் சட்டம் எதுவரையில் இடம் கொடுக்கிறது? எதுவரையில் கொடுப்பது நியாயம்?

இந்த ஆசை உரிமையாளர்களின் மனத்தில் மட்டும் எழுந்ததன்று. உற்பத்தி செய்தவர்களே அதைப் பலமுறை செய்திருக்கிறார்கள் என்பதற்கு அம்பாசடரின் சரித்திரமே பிரமாணம். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவி, 1958-இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் உத்தர்பாரா தொழிற்சாலையில் பிறந்த அம்பாசடருக்கு முதலில் அமைந்தது 1476 சி.சி. கொள்ளளவுள்ள, வால்வுகள் பக்கவாட்டில் அமைந்த பழைய பாணி இன்ஜின். அடுத்த ஆண்டே அதற்குப் பதிலாக, மேல் வால்வுள்ள 1489 சி.சி. இன்ஜின் வந்தது. 1980-ஐ ஒட்டி அதே அளவில் டீசல் இன்ஜின் வந்து, இந்தியாவில் டீசலில் ஓடிய முதல் உற்பத்திக் கார் என்ற பெயரை அந்த வண்டிக்குத் தேடித் தந்தது. 1990-களில் இசுசு கம்பெனியின் 1817 சி.சி. பெட்ரோல் இன்ஜினும், பின்னர் அதே கம்பெனியின் 2 லிட்டர் டீசல் இன்ஜினும் ஏறின. கூட்டின் தோற்றம் பெரிதும் மாறாமலிருக்க, 2014 மே மாதத்தில் உற்பத்தி நின்றுபோகும் வரையில், 56 ஆண்டுகளில் உள்ளே இருந்த இருதயம் ஐந்து வகையாக மாறியது. 1984-இல் அதே ஸ்தாபனத்திலிருந்து வந்த காண்டெஸாவும் இப்படித்தான்: விசாலமான அந்தக் காரைத் தொடக்கத்தில் அம்பாசடரின் 1489 சி.சி. இன்ஜின்தான் சிரமப்பட்டு இழுத்துச் சென்றது; இசுசு இன்ஜின் வந்தபிறகே அந்த வண்டி தன் உருவத்துக்கேற்ற கம்பீரத்தோடு ஓடியது.

ஆகவே 1985-ஆம் ஆண்டுக் காண்டெஸாவை வைத்திருக்கும் ஒருவர், 'கம்பெனிக்காரர்களே சில ஆண்டுகள் கழித்து இதே வண்டியில் வைத்த இன்ஜினை நானும் வைத்துக்கொண்டால் என்ன?' என்று கேட்பாரானால், அக்கேள்வியை வீண் வம்பு என்று தள்ளிவிட முடியாது. அதற்குச் சட்டம் சொல்லும் விடையைப் பார்ப்போம்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இவ்விஷயத்துக்கு மூலஸ்தானம். அது முதலில் எழுதப்பட்டபோது, பதிவுச் சான்றிதழில், அதாவது ஆர்.சி. புத்தகத்தில், கண்ட விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்ற விரும்புகிறவர் முன்கூட்டிப் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து அனுமதி பெற்றுச் செய்யலாம் என்ற அளவில் இருந்தது. அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் விவேகத்தைப் பொறுத்தது. 2000-ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த நிலையை அடியோடு மாற்றிவிட்டது. பதிவுச் சான்றிதழின் விவரங்கள், உற்பத்தியாளர் ஆதியில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வேறுபடும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது என்பதே இப்போது விதி. வேறு எரிபொருளிலோ மின்கலத்திலோ ஓடுவதற்காக, அங்கீகாரம் பெற்ற உபகரணத் தொகுதியைப் பொருத்துவதற்கு மட்டும் விலக்கு உண்டு. விசேஷ காரணங்களுக்காக வேறு மாற்றங்களுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை மத்திய அரசு தன்னிடமே வைத்துக்கொண்டது. அதே ரகத்தைச் சேர்ந்த இன்ஜினை முன் அனுமதியின்றி மாற்றிக்கொள்ளும் சலுகை, பத்துக்குக் குறையாத போக்குவரத்து வாகனங்களை உடையவர்களுக்கு, அதுவும் மாநில அரசு அறிவிக்கை செய்தால்தான், கிடைக்கும். அப்படி மாற்றியவரும் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து, ஆர்.சி. புத்தகத்தில் அதை ஏற்றிக்கொள்ள வேண்டும்.

கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9-ஆம் தேதி அளித்த தீர்ப்பு இந்தப் பிரிவுக்கு மேலும் இறுக்கம் கொடுத்தது. மாநில விதிகள் மாற்றத்துக்கு இடம் தருவதைக் கொண்டு கேரள உயர் நீதிமன்றத்தின் அமர்வு ஒன்று உரிமையாளருக்குச் சாதகமாகச் சொல்லியிருந்தது. அருண் மிஸ்ராவும் வினீத் சரணும் அமர்ந்த உச்ச நீதிமன்ற அமர்வு அதை ரத்து செய்து, விதிகள் சட்டத்துக்குக் கீழ்ப்பட்டவையே என்றும், உற்பத்தியாளர் குறித்த அடிப்படை விவரங்களுக்கு விரோதமான மாற்றத்தை எந்த விதியைக் காட்டியும் செய்ய இயலாது என்றும் தீர்மானித்தது. அதே ஆண்டு செப்டம்பர் முதல் அமலுக்கு வந்த திருத்தச் சட்டமோ, அனுமதிக்கப்படாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரையில் சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்ற தண்டனையை 182-ஏ பிரிவில் புகுத்தியது.

எனவே நமது காண்டெஸா உரிமையாளருக்குச் சட்டம் சொல்லும் விடை: கூடாது. ஆர்.சி. புத்தகத்தில் 1489 என்று இருப்பது 1817 என்று ஆக வேண்டியிருக்கிறது. அந்த வண்டி தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் உற்பத்தியாளர் குறித்தது 1489-தான்.

இந்த எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நெடுங்காலம் ஓடித் தேய்ந்த இன்ஜினின் சிலிண்டரை லேத்துப் பட்டறையில் கொடுத்துக் குடைந்து, சற்றுப் பெரிய பிஸ்டனைப் போடுவதை 'ரீபோர்' என்பார்கள். நாற்பது ஓவர்சைஸ் பிஸ்டன் என்றால் விட்டம் அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு, அதாவது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், கூடியிருக்கிறது என்று பொருள். அம்பாசடரின் 1489 சி.சி. இன்ஜினில் பிஸ்டன் விட்டம் 73 மில்லிமீட்டர். அது நாற்பது ஓவர்சைஸுக்குப் போனால் கொள்ளளவு சுமார் 1531 ஆகிவிடும். நாட்டில் ரீபோர் கண்ட பழைய அம்பாசடர் ஒவ்வொன்றும், எண்ணை மட்டும் பார்த்தால், ஆர்.சி. புத்தகத்தோடு முரண்பட்டே ஓடிக்கொண்டிருக்கிறது! இதை யாரும் குற்றம் என்று சொன்னதில்லை; சொல்வதும் தவறு. மாற்றம் என்பது வண்டியின் அமைப்பை மாற்றி அதன் அடிப்படை இயல்பை வேறாக்குவது என்று 52-ஆம் பிரிவின் விளக்கமே சொல்கிறது. ரீபோர் செய்வது பழுது பார்ப்பது, இயல்பை மாற்றுவதன்று. சட்டம் எண்ணுக்குப் பின்னால் உள்ள இயல்பைத்தான் காக்க விரும்புகிறது என்பது இதிலிருந்து விளங்கும். இந்தச் சூட்சுமத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் மேலே வரும் சிக்கல்களை அவிழ்ப்பது எளிது.

சிக்கல்களில் பெரியது, முன் தலைமுறையினர் செய்துவிட்டுப் போன மாற்றங்களைப் பற்றியது. 1973-இல் உலகெங்கும் எண்ணெய் விலை ஏறியபோது, பிளைமவுத், டாட்ஜ், ஷெவர்லே முதலான அமெரிக்கக் கார்களை வைத்திருந்தவர்கள், அவற்றின் ஆறு சிலிண்டர், எட்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின்களுக்குத் தீனி போட முடியாமல், அவற்றை இறக்கிவிட்டு பெர்க்கின்ஸ் டீசல் இன்ஜினையும், பிற்காலத்தில் மாட்டடார் வேனின் டீசல் இன்ஜினையும் ஏற்றினார்கள். சென்னைக்கருகே பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1985 முதல் சில ஆண்டுகள் உற்பத்தி செய்த ஸ்டாண்டர்டு 2000 காருக்கும், அதன் பெட்ரோல் தாகத்தைச் சகிக்க முடியாத பலர் இதே சிகிச்சையைச் செய்தார்கள். அந்நாளைய சட்டப்படி அனுமதி பெற்று, 'டீசல்' என்று ஆர்.சி. புத்தகத்தில் முறையாக ஏற்றிக்கொண்டவர்களும் உண்டு. இன்று அத்தகைய பிளைமவுத் ஒன்றை வாங்கி, அதற்குரிய ஆதி பெட்ரோல் இன்ஜினைத் தேடிப் பிடித்துத் திரும்ப ஏற்ற நினைக்கும் அபிமானியின் நிலை என்ன? ஆர்.சி. புத்தகத்தின்படி பார்த்தால் அவர் இன்ஜினை மாற்றுகிறார்; உற்பத்தியாளரின் விவரத்தின்படி பார்த்தால், மாறிக் கிடந்ததைச் சட்டம் விரும்பும் ஆதி நிலைக்குத் திருப்புகிறார். 52-ஆம் பிரிவு உரைகல்லாகக் கொண்டது உற்பத்தியாளரின் ஆதி விவரத்தையே ஆதலால், இந்தத் திருப்பணியை அது தடுக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் இதைத் தெளிவாகச் சொல்லும் விதி இல்லாமையால், பிரேக் இன்ஸ்பெக்டர் என்று நம் ஊரில் வழங்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் ஒருவர் அனுமதிப்பதை மற்றொருவர் மறுக்கக்கூடும்.

இனி, பழமை என்பதற்குச் சட்டம் வகுத்த எல்லையைப் பார்க்கலாம். 2021 ஜூலை மாதத்தில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதற் பதிவாகி 50 ஆண்டுகளைக் கடந்ததும், ஆதி உருவிலேயே பேணப்பட்டதும், சட்டகத்திலோ கூட்டிலோ இன்ஜினிலோ பெரும் மாற்றம் காணாததுமான வண்டியே 'விண்டேஜ்' வண்டி. அதற்கு 'வி.ஏ.' என்ற எழுத்துக்கள் கொண்ட தனிப் பதிவெண். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்தாண்டுகளுக்குப் பின் புதுப்பிக்க 5,000 ரூபாய். கண்காட்சி, பவனி, ஆராய்ச்சி, எரிபொருள் நிரப்புதல், பழுதுபார்த்தல் ஆகியவற்றுக்காக மட்டும் அது சாலைக்கு வரலாம். அன்றாடப் போக்குவரத்துக்கும் வாடகைக்கும் உதவாது. இந்த விதியின் கடுமையைச் சிலர் குறை கூறுகிறார்கள். நான் அதை முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். கோயிற் சிற்பத்துக்கு மூக்கு உடைந்திருக்கிறதென்று சிமெண்டு மூக்கு வைப்பதை நாம் விரும்புவதில்லை. 1950-ஆம் ஆண்டுக் கார் சரித்திர சாட்சியாக நிற்க வேண்டுமானால், அந்த ஆண்டின் இன்ஜின்தான் அதற்குள் இருக்க வேண்டும்.

ஆனால் 50 ஆண்டுகளை எட்டாத வண்டிகளின் கதி என்ன? சொந்த உபயோகக் காருக்கு முதற் பதிவு 15 ஆண்டுகள் வரையில்தான் செல்லும்; அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்து வர வேண்டும். பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட இந்த 35 ஆண்டுக் காலத்தில், வண்டி பழமையானதாக மதிக்கப்படுவதுமில்லை, புதியதாகப் பாவிக்கப்படுவதுமில்லை. 1984-ஆம் ஆண்டுக் காண்டெஸா விண்டேஜ் ஆவது 2034-இல். 1985-ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு 2000 ஆவது 2035-இல். திருவள்ளூரில் 1998-இல் உருண்டு வெளிவந்த லான்சர் அந்தப் பட்டத்தைப் பெறுவது 2048-இல். அதுவரை இவற்றில் எத்தனை உயிரோடிருக்கும்? இன்ஜின் மாற்ற ஆசையும், அதற்கான அவசியமும், உதிரி பாகம் கிடைக்காத தொல்லையும் மிகுதியாக இருப்பது இந்த இடைக்காலத்தில்தான். சட்டம் தனி வழி எதுவும் வகுக்காமலிருப்பதும் இந்த இடத்தில்தான்.

இதனால், எவரும் எந்த இன்ஜினையும் எதில் வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம் என்று நான் வாதாடுவதாக நினைக்கலாகாது. சக்தியை மட்டும் கூட்டி, அந்தச் சக்தியை அடக்கும் சாதனங்களை அப்படியே விட்டுவைப்பது பேராபத்து. ஓடும் வண்டியிலுள்ள இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வது. 80 கிலோமீட்டர் வேகத்தில் சென்ற வண்டி 100 கிலோமீட்டரில் சென்றால், பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் கால் பங்கு கூடுவதன்று, பாதிக்கும் மேல் கூடிவிடுகிறது. டிரம் பிரேக்கும், இலை வில் சஸ்பென்ஷனும், பழைய காலத்து ஸ்டியரிங்கும் உள்ள வண்டியில் இரு மடங்குச் சக்தியை ஏற்றிவிட்டு, கண்டெய்னர் லாரிகள் இடைவிடாமல் ஓடும் கும்மிடிப்பூண்டிச் சாலையில் அதை விடுவது, ஓட்டுகிறவருக்கு மட்டுமன்றி, சைக்கிளில் ஷிப்டுக்குப் போகும் தொழிலாளிக்கும் செய்யும் துரோகம். இன்ஜினின் கூடுதல் பாரத்தால் முன் அச்சு தாழ்வதும், கூடுதல் முறுக்கு விசையால் கியர் பெட்டியும் பின் அச்சும் முறிவதும் மெக்கானிக்குகள் நன்கறிந்தவை.

சோழவரம் நமக்குக் கற்பிப்பதும் இதையே. சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ஆதரவில் அங்கே ஓடிய பியட், ஹெரால்டு, அம்பாசடர் கார்களின் இன்ஜின்களைச் சீண்டி வேகம் ஏற்றியவர்கள், சிலிண்டர் தலையை இழைத்து அழுத்தம் கூட்டுவதையும், கார்புரேட்டரை இரட்டிப்பதையும் மட்டும் கருதி நிற்கவில்லை. பிரேக்கையும் டயரையும் சஸ்பென்ஷனையும் சேர்த்தே கவனித்தார்கள். அந்த வேகத்துக்கென்று ஒதுக்கிய தளத்தில்தான் அதைப் பரீட்சித்தார்கள். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தடம் திறந்தபின் அந்தக் கலை அங்கே குடியேறிவிட்டது. வேகத்தில் மோகமுள்ள இளைஞர்கள் தங்கள் லான்சரை அங்கே கொண்டு போகட்டும்.

பிற நாடுகளின் அனுபவம் இவ்விஷயத்தில் பயன்படும். ஜெர்மனியில் 30 ஆண்டு கடந்த வண்டிக்கு, பதிவெண்ணின் இறுதியில் 'ஹெச்' என்ற எழுத்தோடு சரித்திர அந்தஸ்து தருகிறார்கள். வண்டி பிறந்து பத்தாண்டுகளுக்குள் அக்காலத்தவர் செய்திருக்கக்கூடிய மாற்றங்கள் அந்த அந்தஸ்தைக் கெடுப்பதில்லை. இங்கிலாந்தில், வண்டி தன் பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ளலாமா என்று தீர்மானிக்க நீண்ட காலமாக வழங்கிய மதிப்பெண் முறையில், சட்டகத்துக்கு ஐந்து, சஸ்பென்ஷன், அச்சு, கியர், ஸ்டியரிங் ஆகிய ஒவ்வொன்றுக்கும் இரண்டு, இன்ஜினுக்கோ ஒன்றே ஒன்று. சட்டகத்தின் ஐந்தும் உட்பட மொத்தம் எட்டுத் தேற வேண்டியிருந்தது. மேலும், 40 ஆண்டு கடந்த வண்டிக்கு ஆண்டுப் பரிசோதனையிலிருந்து விலக்குக் கொடுக்கும்போது, அதே ரகத்துக்கு உற்பத்தியாளரே மாற்றாக அளித்த இன்ஜினைப் பெரிய மாற்றமாக அங்கே கணக்கிடுவதில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவிலோ நோக்கம் வேறு: ஏற்றுகிற இன்ஜின் வண்டியைவிடப் பழையதாக இருக்கக்கூடாது, அந்த இன்ஜினோடு பிறந்த புகை அடக்கும் கருவிகள் அனைத்தும் உடன் வர வேண்டும். ஒரு நாடு சரித்திரத்தைக் காக்கிறது. ஒன்று வண்டியின் அடையாளத்தைக் காக்கிறது. மற்றொன்று காற்றைக் காக்கிறது. நம் சட்டமோ உற்பத்தியாளரின் காகிதத்தைக் காப்பதோடு நின்றுவிடுகிறது.

இதன் விளைவாக ஒரு வினோத நிலை உண்டாகியிருக்கிறது. ஒரு காண்டெஸாவின் பெட்ரோல் இன்ஜினை முழுவதும் எடுத்தெறிந்துவிட்டு, ஏ.ஐ.எஸ். 123 என்ற தரவிதிப்படி அங்கீகாரம் பெற்ற மின் மோட்டார் தொகுதியைப் பொருத்திக்கொள்ளச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதே காண்டெஸாவுக்கு, அதே தொழிற்சாலையில், அதே இன்ஜின் அறையில் பின்னாளில் பொருத்திய சகோதர இன்ஜினை ஏற்ற வழி இல்லை. வண்டியின் இயல்பை அடியோடு மாற்றுவதற்குக் கதவு திறந்திருக்கிறது. இயல்போடு ஒட்டிய மாற்றத்துக்குக் கதவு சாத்தியிருக்கிறது. மின் மோட்டாருக்கு வழிவிட்டது தவறு என்று நான் சொல்லவில்லை. பரிசோதனை நிலையத்தின் சான்றிதழை நம்பி அதற்கு இடம் தர முடியுமானால், மற்றதற்கும் அதே முறையில் இடம் தரலாமே என்றுதான் கேட்கிறேன். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், மாற்றங்களுக்கான தரங்களையும் நிபந்தனைகளையும் வகுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தெளிவாகவே கொடுத்திருக்கிறது. புதுச் சட்டம் வேண்டியதில்லை. ஒவ்வொரு பழைய ரகத்துக்கும் உற்பத்தியாளர் எந்தெந்த ஆண்டில் எந்தெந்த இன்ஜினை வைத்தார் என்று ஓர் அட்டவணை. பிற்காலத்து இன்ஜினை ஏற்றினால் அதனோடு வந்த பிரேக்கும் கியர் பெட்டியும் சேர்ந்தே ஏற வேண்டும் என்ற நிபந்தனை. இரண்டில் எது பிந்தியதோ அதற்குரிய புகை அளவு. வண்டியை நேரில் நிறுத்திப் பரிசோதித்துக் கொடுக்கும் சான்றிதழ். ஒரகடத்தில் மத்திய அரசின் மோட்டார் ஆராய்ச்சி நிலையம் இருக்கையில் தமிழ்நாட்டில் இதற்கு இடக் குறையும் இல்லை.

அந்த நாள் வரும்வரை, வண்டி வைத்திருப்பவர்கள் இருக்கும் சட்டத்துக்கு அடங்கி நடக்க வேண்டும். அதே ரக இன்ஜினை மாற்றும்போதுகூட, சென்னையில் பழைய உதிரி பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் ரசீதில்லாமல் வாங்குவது பெரும் பிழை. எண் தெரியாத இன்ஜின் திருட்டு வண்டியிலிருந்து வந்ததாக இருந்தால், வழக்கு வாங்கினவர் தலையில்தான் விடியும். பட்டியலும், விற்றவரின் முகவரியும், பழைய இன்ஜினின் எண்ணும் கையிலிருந்தால், ஆர்.டி.ஓ. ஆபீசில் புது எண்ணை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றுவது ஆகாத காரியமன்று. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் அதை உடனே எழுதித் தெரிவிக்க வேண்டும். மறைத்து வைத்த மாற்றம், விபத்து நடந்த அன்றைக்குத்தான் வெளிப்படும்.

கடைசியாக, பழைய கார் வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். தேய்ந்துபோன இன்ஜினை இறக்கினீர்களானால், அது எவ்வளவு பாழாகியிருந்தாலும், எண் பொறித்த அந்தப் பிளாக்கை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி, கொட்டகையின் ஒரு மூலையில் வைத்திருங்கள். 50 ஆண்டு நிறைந்து, விண்டேஜ் பதிவுக்காக மாநிலக் குழு உங்கள் வண்டியைச் சோதிக்க வரும் நாளில், அதன் ஆதி உருவுக்கு முதற்சாட்சி அந்த எண்தான். உலைக்குள் போன எண் திரும்புவதில்லை.